சாயாத இரட்டை முள்

புரட்டாசி 4, திங்கள்
காலையிலிருந்து மூடுபனி. மிளகுக் கொடிகூடத் தெரியவில்லை. விளக்கேற்றி, திருநீறு வைத்து வேலைக்கு உட்காரும்போது மணி பத்து.

சாம்பிளுக்கு அனுப்பிய தூண்டில் பூச்சி பன்னிரண்டும் திரும்பி வந்துவிட்டன. நாமக்கல் ஏஜெண்ட் போனில்: “அக்கா, தண்ணியில ஒருக்களிச்சு ஓடுதாமுங்க. இரட்டை முள்ளு உங்களுக்கு வேண்டாமுங்க. ஒத்தை முள்ளே கட்டுங்க. இதைச் சேலத்துல டிரெய்னிங் போனவங்க பாத்துக்குவாங்க.”

ஐந்து வருஷமாக ஒற்றைத் தூண்டில் முள்ளில் இறகும் பட்டு நூலும் சுற்றி, மீனை ஏய்க்கும் பூச்சி செய்கிறேன். ஒன்றுகூடத் திரும்பியதில்லை. இரட்டை முள் என்றால் ஒரே தண்டில் இரண்டு வளைவு, ஆட்டுக்கொம்பு மாதிரி. அதற்கு டிரெய்னிங்காம்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க” என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

5, செவ்வாய்
கொஞ்சம் வெயில். கட்டியது 3. நூலில் கட்டி வாளித் தண்ணீரில் இழுத்தேன். மூன்றும் சாய்ந்தன, இடப்பக்கமாகவே. ஒரே பக்கம் என்றால் ஏதோ ஒரு காரணம்தான்.

நாத்தனார் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள். மேசையைப் பார்த்துவிட்டு: “புரட்டாசியில கவுச்சி தொடாத ஊட்டுல இது என்னங்கண்ணி? கோயில் ஆத்து மீனுக்குப் பொரி போடறீங்க, வந்து முள்ளுக் கட்டறீங்க. சாமி எந்தக் கணக்குல எழுதும்?”

“ரெண்டையும் எழுதட்டும். நான் எதையும் மறைக்கலை.”

வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றிலேயே விடுவார்களாம். அறுத்த மீன் சாமி அருளால் மறுபடி பொருந்தி உயிரோடு ஓடிய தலம் நம் கோயில். எனக்கு யார் என்ன சொல்ல.

6, புதன்
மெழுகு தீர்ந்தது. சேவல் கழுத்து இறகு இன்னும் ஒரு பை. கரண்ட் இல்லை, 11–3.

கண்டுபிடித்துவிட்டேன். முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி, அந்த வைஸ், இரண்டு வளைவில் ஒன்றைத்தான் கவ்வுகிறது. தண்டு திரும்பிக்கொள்கிறது. மேல்பக்கம் என்று நான் இறகு கட்டியதெல்லாம் விலாப்பக்கம். சாயாமல் என்ன செய்யும்.

இரண்டு வளைவுக்கும் நடுவே மூங்கில் சிம்பு ஒன்றைச் செருகி, வைஸைச் சிம்பின்மேல் இறுக்கினேன். முள் இரண்டும் இருபுறமும் சமமாகத் தொங்கின. கட்டியது 4. வாளியில் நிமிர்ந்து வந்தன. ஓடும் தண்ணீரில் பார்க்க வேண்டும்.

7, வியாழன், பிரதோஷம்
தூறல். நாத்தனாரோடு கோயில். ஆற்று மீனுக்குப் பொரி. பிறகு முந்தானை முடிச்சிலிருந்து நேற்றுக் கட்டிய பூச்சி ஒன்றை எடுத்தேன்.

“அண்ணி, சாமி மீனுங்க அது.”

“தொட்டுப் பாரு கண்ணு.”

தொட்டாள். இரண்டு நுனியையும் வீட்டிலேயே வெட்டி, அரம் போட்டு மழுக்கியிருந்தேன். “சரி விடுங்க, நான் வீடியோ எடுக்கறேன்” என்றாள்.

நூலில் கட்டி ஓட்டத்தில் விட்டேன். சாயவில்லை. கையளவு மீன் ஒன்று பொரியை விட்டு வந்தது. கவ்வியது. மென்று பார்த்துத் துப்பியது.

“ஏமாந்துருச்சுங்கண்ணி.” சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, சாமியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

8, வெள்ளி
மழை விட்டது. வீடியோ ஏஜெண்டுக்குப் போனது. பூஜை முடிவதற்குள் போன்.

“அக்கா, மீனே கவ்வுதுங்களே.”

“ஆர்டர்?”

“உங்களுக்குத்தானுங்க. சேலத்துலயும் சாயுதாமுங்க. எப்படிக் கட்டறதுன்னு அவங்களுக்குக் கொஞ்சம் சொல்லித் தாரீங்களா?”

“வரச் சொல்லுங்க. மலையேற எழுபது கொண்டை ஊசி வளைவுதான். டிரெய்னிங் இங்கதான்.”