உங்கள் முட்டியை மலையேற்றியது எது, அத்தை?

அத்தை,

நேற்று ஜெலுத்தோங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை போட்டிருந்த ஓர் அக்கா என் கையில் சின்னக் காகிதக் குவளையைத் திணித்தார். இளஞ்சிவப்புத் தண்ணீர். மூக்கருகே கொண்டுபோனதும் ஸ்ட்ராபெரி வாசனை. அதற்கு அடியில், ஒளிந்துகொண்டு, வெந்த எலும்பின் வாசனை. அந்த இரண்டாவது வாசனையில்தான் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். காலையில் குளித்துத் திருநீறு பூசி, சமையலறையில் நின்றபடி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பீர்களே, அதே கொலாஜன். நான் குடிக்காமல் மேசையிலிருந்த டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். "படிக்கிற வயசுதான் தங்கச்சி, அதுக்காக இதையுமா படிப்பீங்க?" என்றார் அந்த அக்கா. எங்கள் வீட்டில் இது பரம்பரை நோய் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

உங்கள் முட்டி ஏன் போனது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன வயதிலிருந்து ஓய்வு பெறும்வரை, பிறை வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் நின்றபடியே வேலை பார்த்தீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்தால் நொடுக்கென்று சத்தம் வரும். நான் சும்மா இருப்பேனா? கதவு கிறீச்சிடும் சத்தத்தைக் கைப்பேசியில் பிடித்துவைத்து, நீங்கள் எழும்போதெல்லாம் சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒலிக்கவிட்டேன். முதலில் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டீர்கள். விஷயம் தெரிந்ததும் என் கைப்பேசிக்கு எண்ணெய் விட்டீர்கள். அதன் குரல் கடைசிவரை கமறலாகவே இருந்தது.

"பிறையிலயே நின்னு நின்னு உங்க முட்டி தேய்பிறை ஆயிருச்சு அத்தை," என்று ஒரு நாள் சொன்னேன்.

"சரிடி, வளர்பிறை எப்போ? அதைச் சொல்லு."

சிரித்துக்கொண்டே கேட்டாலும் உங்களுக்கு அதற்கு விடை தேவைப்பட்டது. உங்கள் தம்பிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது, நல்லபடி முடிந்தால் தைப்பூசத்தில் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தீர்கள். அப்பா தேறி, மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நீங்கள்தான் எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டிலேயே பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் தொடங்கின. தொழிற்சாலைத் தோழி ஒருவர் கொலாஜன் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார். சில மாதங்களில் வலி தணிந்தது. பாராட்டு முழுவதும் டப்பாவுக்கே போனது. நாற்காலிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

தைப்பூச விரதம் தொடங்கிவிட்டிருந்த ஒரு காலை. உடம்பு இதை என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். மூலப்பொருள் என்ற இடத்தில் மலாயில் 'லெம்பு' என்றிருந்தது. மாடு. நம் வீட்டில் எந்தப் பொட்டலம் வந்தாலும் முன்பக்கத்தில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். இருந்தால் பன்றி இல்லை, கவலை இல்லை. அது யாருக்கான முத்திரை, அவர்களுக்கு மாடு தடையே இல்லையே என்பது நம்மில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சொல்லத்தான் வேண்டும் என்று சொன்னேன். சொன்ன கையோடு, "நல்லா மாட்டிக்கிட்டீங்க அத்தை," என்றும் சேர்த்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. குவளையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மறுபடி குளிக்கப் போனீர்கள்.

அப்பா கோயில் குருக்களிடம் கேட்டுவந்தார். தெரியாமல் செய்ததற்குத் தோஷமில்லை, தலைக்குக் குளித்து விரதத்தை மறுபடி தொடங்கச் சொல்லுங்கள் என்று அவர் சொன்னாராம். எல்லாருக்கும் நிம்மதி. உங்களுக்கு மட்டும் இல்லை. சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள்.

"சாமி மன்னிச்சிரும்டி. இந்த முட்டி மன்னிக்குமா? அந்தக் கொலாஜன் மாவு இல்லாம நான் ஏறிருவேனா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் சொல்லாமலே உயிரியல் புத்தகத்தைத் திறந்தேன். கொலாஜன் என்பது கயிறு போன்ற ஒரு புரதம். எலும்பையும் தசையையும் கட்டுகிற நாண்களிலும், மூட்டுக்குள் மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் குடிக்கிற கொலாஜன் நேராக முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிறு அதைத் துண்டு துண்டாக்கிவிடும். எங்கே போகவேண்டும் என்ற விலாசம் அந்தத் துண்டுகளில் எழுதியிருக்காது. கொஞ்சம் பலன் உண்டு என்கிறார்கள் சிலர். பயறும் முட்டையும் செய்யாததை இது ஒன்றும் செய்துவிடாது என்கிறார்கள் வேறு சிலர். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளர்வது அபூர்வம். ஆனால் சுமை கொடுக்கக் கொடுக்கத் தசையும் நாணும் உறுதியாகும் என்பதில் பெரிய சண்டை இல்லை.

நீங்கள் சப்பணம் போட முடியாமல் காலை நீட்டிக்கொண்டு கேட்டீர்கள். பாதியில் நிறுத்தி, நான் எந்தப் பக்கத்திலும் பார்க்காத ஒரு கேள்வியைப் போட்டீர்கள்.

"மாடு புல்லைத்தானேடி தின்னுது? அதுக்கு யாரு கொலாஜன் கலக்கிக் குடுத்தா?"

மாட்டின் வயிறு வேறு ரகம் அத்தை என்று ஏதோ முனகினேன். ஆனால் நீங்கள் பிடித்தது சரியான நுனி. மாடு தானே செய்துகொள்கிறது. மனுஷ உடம்பும் தானே செய்துகொள்ளும். சாமானும் வேலையும் கொடுத்தால் போதும். மறுநாளிலிருந்து சாமான் வந்தது: பச்சைப்பயறு, தவ்வு என்கிற சோயாக் கட்டி, கொலாஜன் முறுக்கேற வைட்டமின் சி வேண்டுமென்று நான் சொன்னதால் கொய்யா. "புல்லு ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட உட்காருவீர்கள். வேலைக்கு நாற்காலி இருந்தது. அப்புறம் லிஃப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டு. என்னை முன்னால் ஏறவிட்டுப் பின்னாலிருந்து, "அசைஞ்சி அசைஞ்சி போறியே, நீயா கிழவி நானா?" என்று விரட்டுவீர்கள்.

தைப்பூசத்தன்று ஏறினீர்கள். மஞ்சள் புடவை, தலையில் பால்குடம், வெறுங்கால். வழியில் நான்கைந்து இடத்தில் நின்றீர்கள். நான் ஒரு வார்த்தை கிண்டல் பேசவில்லை. பயத்தில் படிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பால் அபிஷேகத்துக்குப் போனபோது அப்பா கைகூப்பி அழுதார். நீங்கள் அவரிடம், "மூக்கைத் தொடைடா," என்றீர்கள்.

இறங்கும்போதுதான் முட்டி வேலையைக் காட்டியது. இறக்கத்தில் முட்டிக்குப் பாரம் அதிகம் என்பதைப் படித்திருந்தும் நான் மறந்துபோயிருந்தேன். ஒரு படி இறங்கியதும் உங்கள் முகம் சுருங்கியது. உடனே கம்பியைப் பிடித்துத் திரும்பிக்கொண்டீர்கள். கோயிலைப் பார்த்தபடி, கார் பின்னால் வருவது போல, ஒவ்வொரு படியாக.

"வலிக்கல. பின்னால நின்னு பாத்துச் சொல்லுலா."

நான் கீழ்ப்படியில் நின்றுகொண்டு, லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வது போலச் சொன்னேன். "கோஸ்தான், கோஸ்தான் அத்தை. இடது கால். இன்னும் கொஞ்சம். வெச்சிருங்க." கூட்டம் வழிவிட்டது. ஓர் அம்மா உங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்கு முதுகு காட்டாமல் இறங்குவது ஏதோ தனி வேண்டுதல் என்று நினைத்துவிட்டார் போல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரும் கோயிலைப் பார்த்துத் திரும்பி, பின்னால் இறங்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் அவர் மருமகளும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தீர்கள். பக்தியில் உருகுவதாக நினைத்து இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

அந்த வருஷ மழையில் ஒரு காய்ச்சல் வந்து உங்களைக் கொண்டுபோனது. முட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த தைப்பூசத்துக்கு மீன் தோலில் செய்த கொலாஜன் டப்பா ஒன்றை வாங்கி, விரதம் தொடங்கும்வரை குடித்து, நாற்காலிப் பயிற்சியை நிறுத்தி, எது வேலை செய்கிறது என்று பார்க்கலாமா என்று நீங்கள் திட்டம் போட்டிருந்தீர்கள். ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நான் வாதாடினேன். "அப்ப நீயும் சேர்ந்துக்க, ரெண்டு ஆளு," என்றீர்கள். மாவா, நாற்காலியா, பயறா, வேண்டுதலா? எல்லாம் கலந்துபோய்விட்டதால் இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அது எனக்கு எவ்வளவு கடுப்பாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் அப்பாவோடு நான் மலைக்குப் போனேன். இறங்கும் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மா, கோயிலைப் பார்த்தபடி பின்னால் இறங்கிக்கொண்டிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். "சாமிக்கு முதுகு காட்டக் கூடாதும்மா, இங்க இப்படித்தான் வழக்கம்," என்றார். எனக்கு ஒரு முழு நிமிஷம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் கை கம்பியை எப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அப்பாவைப் போகச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவுக்கு ஒரு படி கீழே போய் நின்றேன்.

"இடது கால்மா. இன்னும் கொஞ்சம். வெச்சிருங்க."