மந்திரியின் வயிற்று வார்

ஜூன் 7, சனி

ரைடிங் கிளப்பில் நான்காவது வாரம். சம்பளமில்லாத தொண்டு வேலை. லாயத்தைக் கூட்டுகிறேன், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறேன், குதிரைக்குச் சேணம் பூட்டக் கூடமாட நிற்கிறேன். ஏறுவது மட்டும் கிடையாது. போன வருடம் விழுந்து தோள் எலும்பு முறிந்ததோடு சரி.

"ஏறப் போறதில்லன்னா அங்க எதுக்குப் போறே?" என்று தம்பி கேட்டான். குதிரையை விட்டும் இருக்க முடியவில்லை, குதிரை மேலும் இருக்க முடியவில்லை. இதை அந்தக் குரங்கிடம் எப்படிச் சொல்வது?

கிளம்பும்போது கேஸை மூன்று முறை பார்த்தேன். பூட்டை நான்கு முறை இழுத்தேன். "பூட்டு கையோட வந்துரும்" என்றான் கூடவே கிளம்பிய தம்பி.

ஜூன் 8, ஞாயிறு

தோள் வலி. குனிந்து பெருக்கியதால்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். பயந்தால்கூட வலிக்குமா?

ஜூன் 14, சனி

மந்திரி பழுப்புக் குதிரை. தொப்பையை முன்னால் விட்டுக்கொண்டு நடப்பதால் அந்தப் பெயர். சேணத்தைப் பிடித்து நிறுத்தும் வயிற்று வாரை இழுக்கப் போனால் மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்கிறது. நாம் இறுக்கிவிட்டோம் என்று நினைப்போம். கொஞ்ச நேரத்தில் மூச்சை விடும், வார் தொளதொளவென்று ஆகிவிடும்.

"ஐயா பெரிய கேடி. நாலு எட்டு நடக்கவிட்டு மறுபடி இழுக்கணும். இல்லன்னா ஏறுனவங்க சேணத்தோட சரிய வேண்டியதுதான்" என்றாள் லாயத்து அக்கா. பன்னிரண்டு குதிரைகளும் அவள் பொறுப்பு.

நடக்கவிட்டு இழுத்தேன். பிறகு இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை. பயிற்சியாளர் பார்த்துவிட்டார். "போதும்மா, அதுக்கு மூச்சு முட்டப் போகுது. உன் கையை நீயே நம்பலன்னா எப்படி?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சுட்டது.

ஜூன் 20, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். இனி எதையும் ஒரே ஒரு முறைதான் பார்ப்பது. பூட்டு உட்பட.

ஜூன் 21, சனி

எழுதக் கை வரவில்லை.

ஒரு குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டதென்று அக்கா ஓடினாள். "மந்திரியை நீயே பூட்டிடு" என்றாள். பூட்டினேன். வாரை இழுத்தேன். ஒரு முறை. இரண்டாம் முறை கை போனது – போனதை நானே இழுத்துக்கொண்டேன். ஏதோ சாதித்துவிட்ட மாதிரி சந்தோஷம் வேறு.

ஏறியவர் பல் டாக்டர், ஐம்பது வயதில் சவாரி கற்றுக்கொள்ள வந்தவர். முதல் திருப்பத்திலேயே சேணத்தோடு பக்கவாட்டில் சரிந்தார். வலது மணிக்கட்டில் அடி. பல் பிடுங்குகிற கை.

"வாரை யார் போட்டது?" என்று பயிற்சியாளர் கத்தினார். தொண்டர்கள் தனியாகச் சேணம் பூட்டக் கூடாது என்பது விதி. "என் பொறுப்புதானே மேடம்" என்றாள் அக்கா. அடுத்த சனிக்கிழமை விசாரணை, அதுவரை அவள் லாயத்துக்கு வரக் கூடாது.

நான் பக்கத்திலேயே நின்றேன். வாயே திறக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நான்தானே போட்டேன். சொன்னா என்ன கொறஞ்சு போயிருக்கும்? துரத்துவாங்க, அவ்வளவுதானே? அவ்வளவுதானா? அங்க போகாம என்னால இருக்க முடியுமா? அவளை வேலைய விட்டே அனுப்பிட்டா?



ஜூன் 26, வியாழன்

அக்காவுக்குப் போன் போட்டு, எடுத்ததும் வைத்துவிட்டேன். அவளே திரும்ப அழைத்தாள். "மந்திரிக்கு யார் தண்ணி வைக்கிறா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஏன்க்கா என்னைச் சொல்லல?"

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போனது நான்தானே. பாதித் தப்பு என்னுது."

மீதிப் பாதி யாருடையது என்று சொல்லாமலே வைத்துவிட்டாள்.

ஜூன் 28, சனி

சொல்லிவிட்டேன்.

கிளப் ஆபீசில் பயிற்சியாளர், அக்கா, கட்டுப் போட்ட கையோடு பல் டாக்டர். கதவைத் தட்டி உள்ளே போனேன். "வாரை நான்தான் போட்டேன். மறுபடி இழுக்கல."

"ஏம்மா இழுக்கல?" என்று கேட்டார் டாக்டர்.

"எல்லாத்தையும் நாலு தடவ பாக்குறேன்னு சிரிச்சாங்க. அன்னிக்கு ஒரு தடவையோட நிறுத்திட்டேன்." அழுகை வந்துவிட்டது.

"நான்கூட நாலு தடவ பாத்துட்டுதான் பிடுங்குவேன். வேற பல்லைப் பிடுங்கிட்டா திரும்ப நட முடியாது பாரு." அவர் சிரித்தார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

அக்கா நாளை முதல் வேலைக்கு வரலாம். நான் அடுத்த இரண்டு சனிக்கிழமை சேணத்தைத் தொடக் கூடாது. துடைப்பம் மட்டும். வெளியே வந்து அக்கா என் தலையில் குட்டினாள். வலித்தது. அப்பாடா என்றிருந்தது.

ஜூலை 19, சனி

தண்டனை முடிந்தது. மறுபடி துடைப்பத்தை எடுக்கப் போனேன், பயிற்சியாளர் கூப்பிட்டார். "மைதான வாசல்ல நில்லு. நீ வாரைப் பாத்து சரின்னு சொல்லாம ஒரு குதிரை உள்ள போகக் கூடாது."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை.

பதினோரு குதிரைகள். ஒவ்வொன்றிலும் வாருக்கடியில் விரல் விட்டுப் பார்த்தேன். இரண்டு தளர்வாக இருந்தன. ஒன்று பயிற்சியாளருடையது. சொல்வதா, விடுவதா? 

"மேடம், லூசா இருக்கு."

இறங்கினார். தொட்டுப் பார்த்தார். இழுத்து மாட்டிவிட்டு ஏறிப் போனார்.  

ஆகஸ்ட் 2, சனி

பல் டாக்டர் திரும்ப வந்துவிட்டார். மந்திரிதான் வேண்டுமாம். "நீ பாத்துட்டியா?" என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். மறுபேச்சில்லாமல் ஏறினார்.

ஆகஸ்ட் 9, சனி

வகுப்பு முடிந்ததும் அக்கா மந்திரியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். சேணம் பூட்டியிருந்தது. "வாரை நான் போட்டேன். பாத்துக்க" என்றாள்.

பார்த்தேன். நடக்கவிட்டேன். ஐயா மூச்சை விட்டார். இழுத்தேன். மூன்றாம் முறை கை போனது – அதற்குள் கால், ஏறுவதற்குச் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் இருந்தது.

இரண்டு சுற்று, நடைதான். பயமாகத்தான் இருந்தது. இறங்க மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், காலையில் பூட்டை எத்தனை முறை இழுத்தாய் என்று தம்பி நக்கலாகக் கேட்டான். யோசித்துப் பார்த்தேன். எண்ணவில்லை.