பூனையும் இறங்கக் கூடாதாம்

இருக்கிற உலகம் போதாமல் பக்கத்து உலகத்துக்கு நடையைக் கட்டிய எங்கள் வீட்டு மகாராணிக்கு, என் அண்ணன் பெற்று நாங்கள் வளர்த்த வாலுக்கு, லிஃப்ட் மெக்கானிக்குகளின் சக்கரவர்த்தியும் உன் சித்தப்பாவுமாகிய நான் எழுதுவது. நீயும் உன்னோடு கப்பலில் இருக்கும் மற்ற மூன்று பேரும் ஒரு தலைவலி கூட இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் சித்தியும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அதனால் இருக்கிறோம் என்பதோடு வைத்துக்கொள்.

இந்தக் கடிதம் உனக்குக் காலம் கடந்துதான் கிடைக்கும். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் நான்கு பேரும் செவ்வாயில் இறங்குவதா, இறங்காமல் சுற்றிக்கொண்டு அப்படியே திரும்புவதா என்று முடிவு சொல்லும்வரை, வீட்டுக்காரர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது, எழுதினால் முடிவு தெரிந்த பிறகுதான் அனுப்புவோம் என்று விண்வெளி அலுவலகத்தில் சட்டம் போட்டுவிட்டார்கள். உங்கள் மனதை நாங்கள் கலைத்துவிடுவோமாம். நான் விடுவேனா, உலகமகா தந்திரசாலி அல்லவா, முதல் கடிதத்தில் உன்னைப் பற்றி மூச்சே விடாமல் நம் வீட்டுப் பூனையைப் பற்றி எழுதினேன். பூனை மொட்டைமாடிச் சுவரில் நின்றுகொண்டு குதிக்கலாமா என்று யோசிக்கிறது, திரும்பி ஏற வழி இல்லாத இடத்தில் குதிக்காதே என்று அதற்குப் புத்தி சொன்னேன் என்று இரண்டு பக்கம். கடிதங்களைப் படித்துப் பார்க்கும் அந்த அதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: “ஐயா, பூனையும் இறங்கக் கூடாது. உங்க வீட்ல பூனையே இல்லைன்னு உங்க பொண்ணு எழுதிக் கொடுத்திருக்காங்க.” அடுத்து பரணில் ஏறின பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு கடிதம் கொண்டுபோனேன். அதைப் படித்துவிட்டு அவள் சிரிக்கவில்லை. தன் தம்பியும் உன்னோடு அதே கப்பலில்தான் இருக்கிறான் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குத் தந்திரம் வரவில்லை.

வீட்டு விஷயம் சொல்கிறேன். தெருவில் பாதிப் பேர் வானத்தைப் பார்த்தே நடந்து கழுத்து சுளுக்கி, வைத்தியர் புது வீடு கட்டிவிட்டார். எதிர்வீட்டு ஆசிரியர் பூங்காவில் உட்கார்ந்து உன்னைப் பற்றி விளக்கம் சொல்லச் சொல்ல அவர் மனைவியே வேறு பெஞ்சுக்குப் போய்விடுகிறாள். மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் விலையைக் குறைக்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது, நல்லது நடக்கிற வீட்டுக்கு அவர் ஒருநாளும் குறைத்ததில்லை. உன் சித்தி அழுத கண்ணீரில் மாடிப்படி வழியாகப் படகு விடலாம் என்று எழுத எனக்கு ஆசை, ஆனால் அவள் அழவே இல்லை. துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறாள். உன் அறையில் ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துகிறாள், ஏன் என்று கேட்டால் உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்கிறாள். அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற தைரியம், பத்து மாடிக் குழிக்குள் தொங்குகிற எனக்கு இல்லை.

சட்டம் வருவதற்கு முந்தின நாள்தான் உனக்குக் குரல் பதிந்து அனுப்ப எங்கள் முறை வந்தது. அந்தச் சின்ன அறை உனக்குத் தெரியாது, சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது, மேசையில் ஒரு மைக், சிவப்பு விளக்கு எரிகிற வரைக்கும்தான் பேச்சு. உனக்கு முன்னால் போய் இறங்கிய அந்த இயந்திரம், அங்கத்திய காற்றையும் பனியையும் எடுத்து நீங்கள் திரும்பி ஏறுவதற்கான எரிபொருளைச் செய்துவைக்க வேண்டிய மகாராசா, புழுதிப்புயலுக்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை என்று அன்றைக்கே எங்களுக்குத் தெரியும். அங்கே ஏற்கெனவே இருக்கிற ஆறு சக்கர வண்டி ஊர்ந்து போய் எடுத்த படத்தையும் காட்டினார்கள். எரிபொருள் தொட்டி நிமிர்ந்து நிற்கிறது, ஒரு விளக்கும் எரியவில்லை. சித்தி உன்னிடம் சொல்ல ஏதோ வைத்திருந்தாள். நான் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு மைக்கைத் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். வங்கி மேலாளர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு, சாகப்போகிறோம் என்று நினைத்து உள்ளேயிருந்தே உயிலைச் சத்தம் போட்டுச் சொல்ல, வெளியே மருமகன் குறிப்பெடுத்த கதை. அவள் என் கையை இரண்டு தரம் இழுத்தாள். நான் மருமகனைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், மைக்குக்கு என்னமோ என் முகம் தெரியும் என்பதுபோல. அவள் மைக்கைத் தன் பக்கம் திருப்பி, “கண்ணு, நான் சொல்றதக் கேளு” என்றாள். விளக்கு அணைந்துவிட்டது. அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்றேன். மறுநாள் சட்டம் வந்துவிட்டது. பேருந்தில் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. இறங்குகிற நிறுத்தத்தில், “நீங்க பேசினது நல்லாத்தான் இருந்துச்சு, அவ சிரிச்சிருப்பா” என்றாள். என்ன சொல்ல வந்தாய் என்று பிறகு கேட்டேன். அது உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

உனக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்றால், இறங்காதே என்றுதான். கப்பலில் நீதான் இயந்திரம் தெரிந்தவள், நான் போய்க் கையால் தொட்டால் ஓடிவிடும் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும், ஆறு வயதில் நம் வீட்டு ரேடியோவையும் அப்படித்தான் சொல்லித் தொட்டாய், அது இன்றைக்கும் பேசவில்லை. தொட்டி எவ்வளவு நிறைந்தது என்று யாருக்குமே தெரியாது. எங்கள் தொழிலில் குழிக்குள் இறங்குகிறவன் மேலே ஏற்றும் பொத்தானைத் தன் கையோடு எடுத்துப்போவான், உன் பொத்தான் கீழே, புழுதியில் கிடக்கிறது. வெள்ளிக் கிரகத்துக்குப் போன இயந்திரங்கள் எல்லாம் வெந்து கூழாய்ப் போயின, அதற்கு யாரும் துக்கம் கேட்கப் போகவில்லை, இயந்திரம் போனால் இன்னொன்று செய்வார்கள். நான்கு பேரும் தனித்தனியாக முடிவு சொல்ல வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றாலே கப்பல் திரும்பிவிடும், அது யார் என்று கடைசிவரை வெளியே சொல்ல மாட்டார்கள் என்று அந்த அம்மா சொன்னாள். எவ்வளவு நல்ல ஏற்பாடு பார். கோழை என்று உன்னை ஒருவன் சொல்ல முடியாது. இதை உன் காதில் போட எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தை வங்கி மேலாளருக்குக் கொடுத்துவிட்டேன்.

இதைப் படிக்கும்போது நீ திரும்பி வந்துகொண்டிருந்தால், வேண்டாம் என்றது நீயா என்று நாங்கள் கேட்க மாட்டோம், தெருவில் எவன் கேட்டாலும் அவன் வீட்டு லிஃப்டை நான் ஆயுசுக்கும் பார்க்க மாட்டேன். நீ இறங்கியிருந்தால், இந்தக் கடிதத்தில் இறங்காதே என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிடு, இறங்கினவளிடம் அதைச் சொல்லி என்ன பயன். வேளாவேளைக்குச் சாப்பிடு, கையுறையைக் கழற்றாமல் எதையும் தொடு, மற்றவர்களோடு சண்டை போடாதே, அங்கே கோபித்துக்கொண்டு போய் உட்கார இடம் கிடையாது. அந்தத் தொட்டி நிறையவில்லை என்றால் நிறைந்தது என்று எங்களுக்குச் சொல்லாதே, வீட்டில் பொய் சொல்ல நான் ஒருவன் இருக்கிறேன். நீ எங்கே நின்றாலும் அந்த இடம் உன்னைத் தாங்க வேண்டும், என் ஆயுசில் மீதி இருப்பதையும் நீயே எடுத்துக்கொள், எனக்கு அதை வைத்துக்கொண்டு வேலை ஒன்றும் இல்லை. சித்தியும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். வாராவாரம் குரல் அனுப்ப மறந்துவிடாதே. சொல்ல ஒன்றும் இல்லை என்றால் பேச வேண்டாம், விளக்கு அணையும்வரை மைக்குக்குப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிரு, அது போதும் அவளுக்கு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா