சுவரைக் காட்டிய வகுப்பு

மார்ச் 3, திங்கள்

சர்க்கரை நோய்க்காரர்களுக்காக நான் தொடங்கிய ஃபேஸ்புக் குழுவில் காலை நாற்காலிப் பயிற்சி நேரலைக்கு நல்ல கூட்டம். ஆக்லாந்து உறவுகள்கூட உட்கார்ந்த இடத்தில் கை தூக்குகிறார்கள். நான் இடுப்பை வளைத்துக் குனிந்தபோது திரையில் அண்ணன் பெயர் வந்தது. உடனே குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்.

கைபேசியில் இருந்த எல்லோரையும் ஒரேயடியாகச் சேர்த்த அவசரக்குடுக்கை நான்தான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்து படம்கூடப் பார்க்காத டோங்காவில் பிறந்துவிட்டு, இறுக்கமான கால்சட்டையோடு அவர் முன்னால் குனிந்து நிமிர்ந்திருக்கிறேன். எனக்கு அறிவு எங்க போச்சு?

மார்ச் 5

லெசியேலி அண்ணி வேலியோரம் வந்தார்.

"உங்கண்ணன் கட்டைவிரல் புண்ணு ஆறல கலோ. இந்த மாசத்துக்குள்ள சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"உடற்பயிற்சி ஏதாவது..."

"எங்க? நாற்காலியே கதி. ஆட்டுக்கொழுப்பு வாசனை வந்தாத்தான் தலையே திரும்புது."

நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்வதைத்தானே ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிறேன்! அவருக்குச் சொல்ல முடியவில்லை. நேரே போய் அவர் உடம்பைப் பற்றி நான் கேட்பதே மரியாதைக் குறைவு. பயமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சில் அண்ணன் முன்வரிசைக்கு நொண்டிக்கொண்டே போனார். பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

மார்ச் 10

வகுப்பை ஓர் ஆண் நடத்தினால் அண்ணன் பார்ப்பாரோ? எதிர்வீட்டு ரக்பிக்காரன் பெனியைக் கேட்டேன். "நாற்காலில உக்காந்து கை ஆட்டணுமா? டீம் பசங்க சிரிச்சே கொன்னுடுவாங்க அக்கா!"

போடா.

மார்ச் 12

கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, குரலால் மட்டும் வகுப்பு எடுத்தேன். ஒவ்வொரு அசைவையும் வாயால் சொன்னேன். எந்தச் சாப்பாட்டைக் குறைப்பது என்பதையும் அப்படியே. திரையில் கேள்விகள் வந்து விழுந்தன.

"எங்கடி போன?"

"சுவர் ரொம்ப நல்லா பயிற்சி பண்ணுது!"

பாதிப் பேர் போய்விட்டார்கள். காரணத்தை அண்ணிக்கு மட்டும் சொன்னேன். அவர் தன் கைபேசியை எடுத்து என் குழுவைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். இருந்த கூட்டத்தையும் கெடுத்துக்கொண்டேனோ?

மார்ச் 19

இன்றும் சுவர்தான். அண்ணியைக் காணவே இல்லை. ஏன் ஒரு சேதியும் சொல்லாமல் இப்படி இழுத்தடிக்கிறார்கள்? விரலை எடுத்தேவிட்டார்களா?

மார்ச் 28

சாயங்காலம் அண்ணி ஒரு பெரிய வள்ளிக்கிழங்கோடு வந்தார். அண்ணன் தோட்டத்தில் முதலில் தோண்டியதாம்.

"கால்?"

"புண்ணு காய ஆரம்பிச்சிருக்கு. கத்தி வேணாம்னுட்டாரு டாக்டர்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி கேட்டைத் தாண்டியவர் திரும்பி நின்றார்.

"உங்கண்ணன் உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. கால் தூக்குற இடத்துல ரொம்ப வேகமா எண்ணுறியாம். அவருக்கு மூச்சு வாங்குதாம்."