தியோடோரோவின் கையெழுத்து

அன்பு அம்மாவுக்கு, மகள் மரிவிக் எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? இலோய்லோவில் மழை விட்டதா? நான் நலம். மூன்று வேளையும் சோறும் மீனும்தான்.

நான் இந்தத் தீவில் இலவசமாக வைத்தியம் பார்க்கும் நேரத்துக்கு வருமான வரியில் சலுகை உண்டு என்றேனே, அதற்கான தாளில் ஒவ்வொரு நோயாளியும் கையெழுத்துப் போட வேண்டும். ஊருக்கே அது விளையாட்டாகிவிட்டது. "டாக்டரம்மா, இன்னிக்கு இருமல் இல்ல. ஆனா கையெழுத்து வேணும்னா போட்டுட்டுப் போறேன்" என்பார் மீனவர் தியோடோரோ.

போன மாதம் அவருக்கு மாரடைப்பு. அலை அதிகம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு வரவில்லை. விடிந்ததிலிருந்து ஐந்து மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். போய்விட்டார். நீ கவலைப்படாதே, மறுநாளும் வழக்கம்போல் வேலை பார்த்தேன்.

ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும் அவர் மனைவி ரோசிங் வந்தார். "அவரு கையெழுத்துப் போடாமப் போயிட்டாரு. உங்க அஞ்சு மணி நேரம் வீணாப் போகக் கூடாது" என்று பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். மற்றத் தாள்களோடு வரி அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன்.

நேற்று அந்தத் தாள் மட்டும் திரும்பி வந்தது. நோயாளியேதான் கையெழுத்திட வேண்டுமாம்.

இரண்டு ஜோடி காலுறை அனுப்பு. உன் போர்வையும், துவைக்காமல். படகு கிளம்பப் போகிறது, முடிக்கிறேன். ரோசிங் வேறு வாசலில் நிற்கிறார், "அவரு கணக்கு சேந்துச்சா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டு. சேர்ந்துவிட்டது என்றுதான் சொல்லப்போகிறேன்.

மரிவிக்