துவக்குப் பெட்டியும் முன்கதவும்

குமுதினி,

மூன்று நாளாக நாம் பேசவில்லை; அதனால் எழுதுகிறேன். அன்று, ஒரே துவக்கை, அந்தத் துப்பாக்கியை, புறா வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பொருந்த அமைக்கலாம் என்றேன்.

"நீங்கள் ஷிப்டில நிக்கேக்க கள்ளன் வந்தா? துவக்குப் பெட்டிச் சாவி எங்கை எண்டு நான் அறியவே கூடாதெண்டு இந்த நாட்டுச் சட்டமாம்!" என்று சிரித்தீர். கோபித்துக்கொண்டேன். நீர் சொன்னதே சரி. உரிமம் என் பெயரில் மட்டும்; பெட்டியை நான்தான் திறக்கலாம். நான் இல்லாத வீட்டை அந்தத் துவக்கு காக்காது. இனி அது வேட்டைக்கு மட்டும்.

முன்கதவில் உள்ளிருந்து பூட்டும் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறேன். சாவி அரிசி வாளி மூடியின்மேல். நான் ஷிப்டில் நிற்கும் இரவுகளில் படுக்குமுன் நீர் பூட்டிவிடும். மீன்குழம்பு அடுப்பில்.

குகநாதன்

பி.கு: ஞாயிறு புறா வேட்டைக்குக் கென்ட் பண்ணைக்குப் போகிறேன்; நீரும் வருவீரா? போன் எடுத்து "ஓம்" என்றால் போதும்.