ரத்து செய்வதை ரத்து செய்தவள்

என் தம்பிக்கு,

உன் அக்கா கோபத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

"அளவு நோட்டை எடைக்குப் போடுக்கா, எங்க குழு தையல்காரங்களுக்குன்னே ஒரு செயலி செஞ்சிருக்கு" என்று நச்சரித்தது நீ. நம்பினேன். நானூற்றுப் பதினெட்டுப் பேருடைய தோள், மார்பு, இடுப்பு எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றிவிட்டு, நோட்டை எடைக்குப் போட்டேன். போன வாரம் இஸ்திரிக்குத் தண்ணீர் தெளித்த ஈரக் கையோடு எதையோ தொட்டுவிட்டேன். "எல்லா அளவுகளும் நீக்கப்படும். நீக்குவதை ரத்து செய்யவா?" என்று ஒரு கட்டம் வந்தது. கீழே இரண்டு பொத்தான்: சரி, ரத்து. பதறிப்போய் 'ரத்து' என்பதை அழுத்தினேன். ஒன்று மிச்சமில்லாமல் போயிற்று. ரத்து செய்வதையே நான் ரத்து செய்துவிட்டேனாம். ஐயோ, நிற்க மாட்டாயா என்று பதறுகிற எவள் 'சரி'யை அழுத்துவாள், நீயே சொல்.

உங்கள் குழுவின் இணைய மன்றத்தில் "தையல்காரி" என்ற பெயரில் எழுதிக் கேட்டேன். பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள்தான், எழுபது சீருடை வெட்டாமல் கிடக்கிறது, மீட்க வழி உண்டா என்று. முதலில் வந்தவர் பேக்கப் எடுக்கவில்லையா என்றார். அடுத்தவர் என் போனே மட்டம் என்றார். மூன்றாமவர் 'ரத்து' தமிழே இல்லை என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. 'கைவிடு'தான் சரி, இல்லை 'விலக்கு'தான் சரி என்று அறுபத்திரண்டு பதில். என் எழுபது சீருடையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

கடைசியில் நிர்வாகி வந்தார். "இது பயனர் பிழை. கத்தரிக்கோல் பிடிக்கிறவங்களுக்கெல்லாம் இங்க பாடம் எடுக்க முடியாது" என்று எழுதி, மேற்கொண்டு யாரும் பதில் போட முடியாதபடி பூட்டிவிட்டார். நிர்வாகியின் பெயர் குண்டூசி.

அந்தப் பெயரை உனக்கு வைத்தவள் நான். என் மிஷினுக்கடியில் தவழ்ந்து, சிந்திய ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்கித் தருவாயே, அப்போது வைத்தது. நீ வேலைக்குப் போட்டுக்கொண்டு போன முதல் சட்டையை வெட்டியதும் இந்தக் கத்தரிக்கோல்தான். அக்கா என்று தெரியாமல் சொல்லிவிட்டேன் என்பாய். வேறு யாருடைய அக்காவாக இருந்தால் அப்படிப் பேசலாமா? எனக்கு வெட்கமாக இருக்கிறதடா.

போனில் சொன்னால் சமாளிப்பாய். கடிதத்தை உன்னால் பூட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். அந்தக் கட்டத்தில் "அழிக்கவா?" என்று கேட்டு, "ஆம், வேண்டாம்" என்று போடு. பூட்டியதைத் திறந்து மன்னிப்புக் கேள். என்னிடம் வேண்டாம், தையல்காரியிடம் கேள்.

ஒவ்வொருவராக மறுபடி கூப்பிட்டு அளவெடுக்கிறேன். போன மாசம்தானே எடுத்தீங்க, அதுக்குள்ளயா பெருத்துட்டேன் என்று நர்ஸம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

அழிந்ததில் உன் அளவும் ஒன்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. அதை வைத்துத்தான் வருஷா வருஷம் சட்டை தைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். பொருந்தியதா என்று நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனிமேல் நீ நேரில் வந்து நின்றால்தான் தைக்க முடியும். டேப்பைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றாக இரு.

கோபம் தீராத
உன் அக்கா